ஏற்காடு: சுணை, கொடுக்கு, சுண்ணாம்பு

மார்ச் 28, வெள்ளி. சேலம்

திங்கட்கிழமை ரம்ஜான் விடுமுறை. வெள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தால் சேர்ந்தாற்போல் நாலு நாள். ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கொடுப்பவளுக்கு இது எப்போதாவதுதான் வாய்க்கும். வீட்டுக்காரர் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு என்று கையை விரித்துவிட்டார். நானும் ஆறாவது படிக்கும் மகளும் என் மாமியாரும் அரியலூரிலிருந்து கிளம்பினோம். மகளுக்கு அவர் அப்பாயி, எனக்கு அத்தை. வயது எழுபத்திரண்டு. இதுவரை ஏறிய மலை பழனி ஒன்றுதான்.

பெரம்பலூர், ஆத்தூர் வழியாகச் சேலத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. ஊரைச் சுற்றிலும் மலை: சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. மலை சூழ்ந்த ஊர் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. அடுப்புக்கு மூன்று பக்கமும் கல் வைத்த மாதிரி, நடுவில் நாம்தான் வேகிறோம்.

பேருந்து நிலையத்துக்கு வெளியே கரும்புச்சாறு வண்டி. சக்கைக் குவியலின் மேல் நூறு தேனீயாவது இருக்கும். மகள் துப்பட்டாவைச் சுழற்றி விரட்ட ஆரம்பித்தாள். சாறு பிழிகிற பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"அடிக்காத சாமி. நீ அடிக்காத வரைக்கும் அது உன்னக் கண்டுக்காது."

அவர் கையெல்லாம் சாறு. புறங்கையில் ரெண்டு தேனீ உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தன. அவர் பாட்டுக்குக் கரும்பை மடித்து உருளைக்குள் விட்டார். கொட்டினதே இல்லையா என்று கேட்டேன். "கொட்டுமுங்க. நசுங்கினா கொட்டும். அது மேல தப்பு இல்லீங்களே."

அவர் சொன்னது சரிதான். கூட்டை விட்டு வெளியே இரை தேட வந்த தேனீக்குச் சண்டையில் அக்கறை இல்லை. கொடுக்கு இருப்பது வீட்டைக் காக்க, சாற்றைக் காக்க அல்ல. ஒரு டம்ளர் 20 ரூபாய், இஞ்சி எலுமிச்சை போட்டால் 25. அத்தை ரெண்டு டம்ளர் குடித்தார்.

சாயங்காலம் அம்மாபேட்டைப் பக்கம் தட்டுவடை செட். ரெண்டு குட்டித் தட்டுவடைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. வாயில் முழுசாகப் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்தால் புடவையில்தான் விழும். அத்தைக்குப் பல் ஒத்துழைக்காது. கடைக்காரப் பையன் அதைக் கவனித்து, கேட்காமலே எல்லாவற்றையும் கையால் நொறுக்கிக் கிண்ணத்தில் கொடுத்தான். "பாட்டிக்கு நொறுக்கல் போட்டுட்டேன்க்கா." அத்தை இந்தப் பையனைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 29, சனி. மலையேற்றம்

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பலகை உண்டு. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், பதின்மூன்றாவதில் எண்ணிக்கை நின்றது. நடத்துநர் ஏறும்போதே எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு நெகிழிப்பையைக் கொடுத்து வைத்திருந்தார், அது உதவியது. பக்கத்து இருக்கை அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து உப்பிட்ட நார்த்தங்காய்த் துண்டை எடுத்து மகள் வாயில் வைத்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, திரும்பத் தூங்கிவிட்டார்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் தங்கல். மூன்று பேருக்கு ஒரு ராத்திரி 1,800 ரூபாய். "எந்நேரமும் வெந்நீர்" என்று தொலைபேசியில் சொன்னது, வந்து பார்த்தால் விறகு பாய்லர், காலை எட்டு மணிக்கு அணைந்துவிடும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அந்த மலையிலேயே பிறந்தவர். மதியத்துக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். அத்தை "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம், நம்ம வூட்டுல இல்லாததா" என்றுகொண்டே மூன்று உருண்டை சாப்பிட்டார்.

பத்து நாளைக்கு முன் நல்ல மழையாம். அதனால் காபி பூத்திருந்தது. நான் காபிப் பூவைப் பார்த்ததே இல்லை. கிளை நெடுக, இலைக் கணுவுக்குக் கணு, வெள்ளை வெள்ளையாகக் கொத்து. மல்லிகை வாசனை. ரெண்டு மூன்று நாளில் வாடிவிடும் என்றார் அக்கா. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. தோட்டம் முழுக்க ஒரே இரைச்சல், தூரத்தில் தறி ஓடுகிற மாதிரி. முதலில் ஏதோ மோட்டார் என்று நினைத்தேன். தேனீ.

வீட்டுக்குப் பின்னால் நாலு தேன் பெட்டி. அடுக்குத் தேனீ. அக்கா தென்னை நாரைக் கொளுத்திப் புகை காட்டிவிட்டு வெறும் கையால் மூடியைத் திறந்தார். புகை பட்டால் தேனீ, காட்டுத் தீ என்று எண்ணி வயிறு முட்டத் தேனைக் குடிக்கும், அதோடு ஒன்றுக்கொன்று "ஆபத்து" என்று சொல்லிக்கொள்ளும் வாசனையும் புகையில் அமுங்கிப்போகும். சட்டங்களில் தேனீக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அலைந்தன. கொட்டுவதெல்லாம் பெண் தேனீதான், கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு மாறி வந்தது, ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது என்று மகளிடம் சொன்னேன். அத்தை காதில் விழுந்துவிட்டது. "கொடுக்கும் இல்ல, வேலையும் இல்ல. பின்ன எதுக்கு அதுக?" பதில் சொன்னால் மகளுக்கு விளக்க வேண்டிவரும் என்று பேச்சை மாற்றினேன்.

சுவர் விரிசலில் பிசின் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் கொசு அளவு கறுப்புப் பூச்சிகள் போய்வந்துகொண்டிருந்தன. கொசுத்தேனீ. இதற்குக் கொட்டத் தெரியாது, கொடுக்கு தேய்ந்து போன இனம். கிட்டப்போனால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். மகள் குழாய் வாயில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தான் பெரிய வீராங்கனை மாதிரி படம் எடுக்கச் சொன்னாள்.

இப்போது என் கதை. பலாமரத்தில் பிஞ்சு பார்க்கலாம் என்று கல்வேலி ஓரமாகப் போனேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தேன். கெண்டைக்காலில் சுரீர் என்று ஒன்று. தீக்குச்சியை உரசி வைத்த மாதிரி. பாம்போ என்று பார்த்தால் ஒன்றுமில்லை, வேலியில் ஒரு கொடி, பல் பல்லாக வெட்டிய இலை, மூன்று மூன்றாகக் காய். அதற்குள் கை தன்னால் போய்க் காலைத் தேய்த்துவிட்டது. தேய்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தேய்த்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்வது இன்னும் சரி. அடுத்த நிமிஷம் கையும் எரிந்தது.

"செந்தட்டியில மாட்டிக்கிட்டீங்களா?" என்று அக்கா சிரித்தார். "சுணை ஏறிடுச்சு. தேய்க்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க."

செந்தட்டி, காஞ்சொறி, ரெண்டும் ஒரே கொடிதான். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தால் இலையிலும் காயிலும் மெல்லிய வெள்ளை மயிர் மின்னும், அதுதான் சுணை. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஊசி போல நிற்கிறது. ஊசியில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால். நாம் உரசினால் அது தோலுக்குள் இறங்கும், எரிச்சல் திரவம் வாய்க்கால் வழியே பின்னால் வரும். குளிர்ப்பிரதேசத்துக் காஞ்சொறி வகை வேறு மாதிரி. அதன் மயிர் கண்ணாடி போல மணற்சத்து ஏறியது, முனை பட்டென்று ஒடிந்து மருந்துக் குப்பி போலாகி உள்ளே இறங்கும். அதை 1665லேயே ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் வைத்து, தன் விரலிலேயே குத்த விட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார். எனக்கு அந்த அளவு ஆர்வமில்லை.

பையில் காயக் கட்டுக்கான ஒட்டுநாடா இருந்தது. அதை ஒட்டி ஒட்டி உரித்தேன். பத்துத் தடவை. நாடாவின் பசையில் ரோமம் போலப் பொடிப்பொடியாக வந்தது. மயிர் வெளியே வந்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். அதற்கு முன் கழுவினால், தேய்த்தால், அது இன்னும் உள்ளேதான் போகும். எரிச்சல் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது, தடிப்பு ராத்திரி வரைக்கும் இருந்தது.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த சங்கதி வேறு. 2020இல் நாங்கள் கொத்துக்கொத்தாகக் கொடுத்த கபசுரக் குடிநீர்ச் சூரணத்தில் பதினைந்து சரக்கு. அதில் ஒன்று சிறுகாஞ்சொறி வேர். உறையின் பின்பக்கம் அந்தப் பெயரை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆளை நேரில் பார்த்தது இன்றைக்குத்தான், அதுவும் அது என்னைப் பார்த்த பிறகு.

ராத்திரி மின்சாரம் போய்விட்டது. குளிர் நன்றாக ஏறி, அத்தை ரெண்டு போர்வைக்குள் போய்விட்டார். அக்காவின் மகன் பெட்டிக்கடை வைத்திருக்கிறான், ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சோதிக்க நீல விளக்கு ஒன்று எப்போதும் அவன் சட்டைப்பையில். "வாங்கக்கா, ஒண்ணு காட்டறேன்" என்று விறகுக் குவியல் பக்கம் கூட்டிப்போனான். நீல ஒளியைச் சாய்த்துப் பிடித்தான். கட்டைக்கு அடியில் ஒன்று பச்சை நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. கோயில் கடையில் விற்கும் ரேடியம் பொம்மை மாதிரி. விளக்கை அணைத்துச் சாதாரண டார்ச்சை அடித்தால் கன்னங்கரேல் நட்டுவாக்காலி, நண்டுக் கால் போலப் பெரிய இடுக்கி. தேளின் மேலோடு புற ஊதா ஒளியில் ஒளிரும் என்று தெரியும், கண்ணால் பார்ப்பது வேறு. மகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றாள்.

இந்தக் கறுப்பன் பார்க்கத்தான் பயங்கரம். கொட்டினால் வலிக்கும், பெரும்பாலும் அதோடு சரி. பெரிய இடுக்கி, மெல்லிய வால் என்றால் விஷம் குறைவு; சின்ன இடுக்கி, தடித்த வால் என்றால் ஜாக்கிரதை. எப்போதும் பொருந்தாது, ஆனால் ஓரளவுக்கு நம்பலாம். செந்தேள்தான் எமன். அதன் விலங்கியல் பெயரிலேயே "தமுலுஸ்" என்று நம்மைச் சேர்த்திருக்கிறார்கள், 1798இல் வைத்த பெயர்.

உள்ளே வந்து சொன்னதும் அத்தை போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். கல்யாணமான புதுசில் கடலைச் செடி ஆய்கையில் செந்தேள் கொட்டியதாம். "கொட்டுன எடத்துல வலி கெடக்கட்டும். மேலெல்லாம் வேர்த்து ஊத்துது, கையும் காலும் ஐஸு. நெஞ்சு படபடன்னு அடிக்குது. உங்க மாமா கட்டவண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாரு." அத்தை சொன்னது பாடப்புத்தகம். அந்த விஷம் ஏறினால் நம் நரம்புகள் கண்மண் தெரியாமல் அட்ரினலின் வகைச் சுரப்புகளைக் கொட்டித் தீர்க்கும். ரத்தக் குழாய் சுருங்கி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோக்கும். ஒருகாலத்தில் கொட்டுப்பட்ட குழந்தைகள் ஏராளமாகச் செத்தார்கள். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர்தான், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராசோசின் மாத்திரையைத் தேள்கடிக்குக் கொடுத்துச் சாவைக் குறைத்தார். 1980களில் நடந்தது. பத்மஸ்ரீ 2022இல்தான் வந்தது. அந்த மாத்திரை என் அலமாரியில் மூன்றாவது தட்டில் இருக்கிறது.

படுக்கும் முன் மூன்று பேர் செருப்பையும் உதறி ஜன்னல் திட்டில் வைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு. கொடுக்கு

காலையில் சேர்வராயன் கோயில். மலையிலேயே உயரமான இடம். குகைக்குள் குனிந்து போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். தலை இடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போன அத்தைதான் இடித்துக்கொண்டார். வெளியே காற்று ஆளைத் தள்ளியது.

பதினொரு மணிக்கு ஒரு காட்சிமுனை. எந்த முனை என்பது வேண்டாம், தப்பு இடத்தின் மேல் இல்லை. விடுமுறைக் கூட்டம். மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு 50 ரூபாய், வேகவைத்த சோளம் 40. சரிவில் நின்ற ஓர் உயரமான மரத்தில் நாலு மலைத்தேனீக் கூடு. ஒவ்வொன்றும் முறம் அகலம், அரைவட்டமாகக் கிளையிலிருந்து தொங்கியது. கூடு என்று சொல்வதே தவறு, தெரிவதெல்லாம் தேனீதான். அதன் மேல் அலை ஓடியது. கறுப்புப் பட்டை யாரோ ஓரத்தில் பிடித்து உதறுகிற மாதிரி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்குகின்றன. குளவி கிட்டே வந்தால் இப்படித்தான் மிரட்டும். பத்து நிமிஷம் வாய் பிளந்து பார்த்தேன். நான் வந்த நாலு நாளில் பார்த்த அழகு அதுதான்.

ஆறு பேர் கொண்ட பையன்கள் கூட்டம் ஒன்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. ஒருவன் தின்று முடித்த சோளக்கட்டையை எடுத்து மேலே வீசினான். பஜ்ஜிக்கார அம்மா "டேய் டேய், வேண்டாம் சாமி" என்று கத்தினார். ரெண்டாவது வீச்சும் படவில்லை. மூன்றாவது பட்டது.

முதலில் சத்தம்தான். பிறகு வெளிச்சம் மங்கின மாதிரி இருந்தது. மகளின் தலையில் என் முந்தானையைப் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினேன். அத்தையைக் காணோம். திரும்பிப் பார்த்தால் பஜ்ஜிக்கார அம்மா அவரைத் தன் வண்டிக்கு அடியில் தள்ளி, தார்ப்பாயை இழுத்து மூடி, ஈரச் சாக்கை அடுப்பில் போட்டுப் புகை கிளப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

சாலையில் நின்ற வேன் ஓட்டுநர் கதவைத் திறந்து, யார் எவர் என்று பார்க்காமல் ஆட்களை உள்ளே இழுத்துப் போட்டார். பதினாலு பேர். கண்ணாடியை ஏற்றினோம். கூடவே ஏழெட்டுத் தேனீயும் வந்துவிட்டன. யாரோ ஒருவர் செருப்பால் ஒன்றை அடித்தார். குப்பென்று வாழைப்பழ வாசனை. வேனில் யாரிடமும் வாழைப்பழம் இல்லை. அது தேனீயின் கூவல். கொட்டும்போதும் நசுங்கும்போதும் கொடுக்கருகே இருந்து வரும் ஐசோஅமைல் அசிடேட், வாழைப்பழ எசன்ஸில் இருக்கிற அதே சரக்கு. மற்றவற்றுக்கு "இங்கேதான், இவனைத்தான்" என்று அர்த்தம். "அடிக்காதீங்க, ஒரு ஜன்னல மட்டும் கொஞ்சம் இறக்குங்க, வெளிச்சத்தப் பாத்துப் போயிரும்" என்று நான் கத்தியது எனக்கே யாரோ கத்துகிற மாதிரி கேட்டது.

எனக்கு ரெண்டு. இடது காதுக்குப் பின்னால் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. மணிக்கட்டைப் பார்த்தேன். தேனீ போய்விட்டது, கொடுக்கு நிற்கிறது. அதன் தலையில் அரைக் கடுகு அளவு வெளிறிய பை. அந்தப் பை துடித்துக்கொண்டிருந்தது. உடம்பை விட்டுப் பிய்ந்து வந்த பிறகும் அதன் தசை தன்பாட்டுக்கு விஷத்தை இறைத்துக்கொண்டிருக்கிறது. கொடுக்கில் மீன்முள் போலப் பின்னோக்கிய பற்கள், நம் தோலில் மாட்டினால் வராது, தேனீயின் குடலையே இழுத்துக்கொண்டு பிய்யும். குளவிக்கும் கதண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் கொட்டும். நகத்தால் சுரண்டி எறிந்தேன். கிள்ளி எடுக்கக் கூடாது, வழித்துத்தான் எடுக்க வேண்டும், அட்டையைத் தேடு, கத்தியைத் தேடு என்பதெல்லாம் பழைய பாடம். 1996இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வாளர் தன் கையிலேயே கொட்ட விட்டுப் பார்த்ததில், எப்படி எடுத்தாலும் தடிப்பு ஒன்றுதான், எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதில்தான் வித்தியாசம் என்று தெரிந்தது. விஷத்தில் பெரும்பகுதி முதல் இருபது வினாடியில் இறங்கிவிடும். அட்டையைத் தேடுகிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

சோளக்கட்டை வீசியவனுக்கு முகத்திலும் கழுத்திலுமாகப் பதினாறு. நானே எண்ணி எடுத்தேன். அழுதான், ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது, மூச்சு சரியாக இருந்தது. என் கவனம் போனது அவன் பக்கத்தில் இருந்தவன் மேல். அவனுக்கு ரெண்டே ரெண்டு. உள்ளங்கையை மாற்றி மாற்றிச் சொறிந்துகொண்டிருந்தான். கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

"முன்னாடி எப்பவாவது கொட்டியிருக்கா தம்பி?"

"சின்ன வயசுல... தொண்ட அடைக்கிற மாதிரி இருக்குக்கா."

குரல் கம்மியிருந்தது. ஒவ்வாமை இல்லாத பெரிய ஆளுக்குப் பதினாறு கொட்டு வலியும் வீக்கமும்தான். ஒவ்வாமை உள்ளவனுக்கு ஒன்று போதும். ஓட்டுநரிடம் மருத்துவமனைக்கு விடச் சொன்னேன். பையனைப் பின் இருக்கையில் படுக்க வைத்துக் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். உட்கார வேண்டும் என்றான், மூச்சுக்கு அதுதான் சுகம் என்றால் சாய்ந்துகொள், ஆனால் எழுந்து நிற்காதே என்றேன். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். வாரம் தவறாமல் நான் இருப்பு எழுதும் அட்ரினலின் ஊசி. என் கைப்பையில் ஒட்டுநாடா இருக்கிறது, பாராசிட்டமால் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

பன்னிரண்டு நிமிஷம். மருத்துவமனையில் செவிலியர் பார்த்த உடனே புரிந்துகொண்டார். அட்ரினலின் அரை மில்லிலிட்டர், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஒவ்வாமைக்குப் போடும் மற்ற ஊசிகளான ஏவிலும் டெக்சாவும் அப்புறம்தான். இந்த வரிசையைப் பல இடங்களில் தலைகீழாகச் செய்வார்கள், அலர்ஜி என்றாலே ஏவில் என்று கை போகும். இங்கே சரியாக நடந்தது. பத்து நிமிஷத்தில் பையன் குரல் திரும்பியது, கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது, அது மருந்தின் நடுக்கம். சில மணி நேரம் கழித்து ரெண்டாம் தடவை வரலாம் என்பதால் ராத்திரி இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நேற்று ராத்திரி அத்தை சொன்ன கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செந்தேள் கொட்டினால் உடம்பு அட்ரினலினில் மூழ்குகிறது, அதை அடக்க மாத்திரை. தேனீ இப்படிப் பிடித்துக்கொண்டால் அதே அட்ரினலினை ஊசியில் கொடுக்கிறோம். ரெண்டும் "கொட்டு"தான் நம் பேச்சில்.

வேன் ஓட்டுநர் காசு வாங்க மறுத்துவிட்டார். என்னைத் திரும்பக் காட்சிமுனைக்குக் கொண்டுபோய் விட்டார். அத்தை ஒரு கீறல் இல்லாமல் பஜ்ஜி வண்டி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் புருவம் ஒன்று வீங்கிக் கண் மூடியிருந்தது. நாங்கள் விட்டுப்போன பஜ்ஜியைத் தாளில் மடித்து வைத்திருந்தார். "ஆறிப்போச்சுக்கா, புதுசாப் போட்டுத் தரட்டுமா?" என்றார்.

அப்போதுதான் என் காது வேலையைக் காட்டியது. வடை மாதிரி வீங்கிவிட்டது. அத்தை சுருக்குப்பையைத் திறந்து, விரலில் சுண்ணாம்பை எடுத்து அப்பிவிட்டார். சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும், போடாதீர்கள் என்று ஜன்னலில் உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். தேனீ விஷம் அமிலம், குளவி விஷம் காரம், ஆகவே எதிர்ச்சரக்கைப் போடு என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தேனீ விஷத்தில் பார்மிக் அமிலம் என்பார்கள், அது எறும்பின் சமாச்சாரம். தேனீ விஷத்தில் ஏறக்குறையப் பாதி மெலிட்டின் என்ற புரதம், அது ஊசி போட்ட மாதிரி உள்ளே போய்விட்டது, மேலே எதைத் தடவினாலும் அதற்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தும் காதைக் காட்டிக்கொண்டு நின்றேன். அத்தையின் விரல் நடுங்கியது. சாயங்காலம் வரை கழுவவில்லை.

மார்ச் 31, திங்கள். இறக்கம்

காதின் பின்புறம் தோல் உரிந்துவிட்டது. கொட்டினதை விடச் சுண்ணாம்பு எரிச்சல்தான் அதிகம். அத்தையிடம் சொல்லவில்லை. அக்கா குளிர்ந்த நீரில் துணி நனைத்துக் கொடுத்தார், அதை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சட்டத்தின் மூலையில் மண்குளவி ஒன்று குட்டிச் சட்டி போலக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. பச்சைப் புழு ஒன்றைத் தூக்கி வந்து உள்ளே திணித்தது. புழு சாகவில்லை, கொட்டி முடக்கிப் போட்டிருக்கிறது. அதன் கூடவே முட்டை, பொரிந்து வரும் குஞ்சுக்கு அதுதான் சோறு. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் ஆட்கள் சொன்னது பார்த்துச் சொன்னதுதான். புழு போனது, குளவி வந்தது, நடுவில் நடந்ததைத்தான் விட்டுவிட்டார்கள். மகளிடம் சொன்னேன். "ஐயே" என்று போய்விட்டாள்.

பையன் நலமாகக் கீழே இறங்கிவிட்டான் என்று வேன் ஓட்டுநர் காலையில் அழைத்துச் சொன்னார். அக்காவிடம் காபித்தூள் அரைக் கிலோ, தேன் ஒரு பாட்டில் 600 ரூபாய்க்கு வாங்கினோம். இறங்கும்போது மகள் வளைவை எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். சேலத்தில் கால் வைத்ததும் அதே வெயில்.

பேருந்துக்கு அரை மணி இருந்தது. அத்தை நேராகக் கரும்புச்சாறு வண்டிக்குப் போனார். பெரியவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். என் காதைப் பார்த்தார்.

"அடிச்சீங்களா?"

"நான் அடிக்கலீங்க" என்றேன்.

நம்பின மாதிரி தெரியவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். மூன்று டம்ளருக்கு 60 ரூபாய், ஐஸுக்குக் காசு இல்லை. மகள் துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, தேனீ சுற்றும் வண்டியோரம் கையைக் கட்டியபடி ஆடாமல் அசையாமல் நின்று சாறு குடித்தாள்.